காந்த மீனும் மேளப்பெட்டியும்

கள்ளிக்குப்பத்தில் மதிவதனி வீட்டு மொட்டைமாடியில் மூன்று கேக் தட்டுகள் வானத்தை நோக்கி அமர்ந்திருந்தன.

அவற்றில் கேக் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தப்பட்ட அந்த வட்டத் தட்டுகளின் நடுவே ஓர் உலோகக் குழாய் நின்றது. குழாயின் அடியிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, மாடிப்படி அறையில் இருந்த சிறிய கணினிக்குள் சென்றது. வானிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி அது. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஹேமாவதி அக்காவும் அவள் தோழியரும் அத்தகைய கருவிகள் மூன்று செய்திருந்தார்கள். ஒன்று சென்னீர்குப்பத்தில், ஒன்று கோவில்பதாகையில், ஒன்று இங்கே.

கணினி பதிந்தவற்றை நாள்தோறும் நோட்டில் எழுதிவைப்பது மதிவதனியின் பொறுப்பு. அவள் ஆறாம் வகுப்பு படித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அக்கருவி காத்திருந்தது ஒரே ஒரு விண்மீனுக்காக. அந்த விண்மீனுக்குப் பெயர் இல்லை. நீண்ட எண் ஒன்றுதான் உண்டு. ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே உள்ள தொலைவுதான் அதன் குறுக்களவு. ஆயினும் ஞாயிற்றில் இருப்பதைவிட மிகுதியான பொருள் அதனுள் திணிந்து கிடக்கிறது. அதன் காந்த வலிமையோ நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. அத்தகைய விண்மீனை அறிவியலார் 'மேக்னட்டார்' என்பர். மதிவதனி தன் நோட்டில் 'காந்த மீன்' என்று எழுதினாள்.

அந்தப் பெயரால் ஒரு குழப்பம் விளைந்தது.

பக்கத்து வீட்டுப் பேபி அக்கா மீன் விற்பவள். சுற்றுச்சுவருக்கு அப்பால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது 'காந்த மீன்' என்ற சொல் அவள் காதில் விழுந்தது.

"இன்னா பாப்பா, மாடி மேல மீன் புடிக்கிறீங்களாமே? வஞ்சிரமா, சங்கராவா?"

"கடல் மீன் இல்லக்கா. வானத்து மீன்."

"நல்ல நேரம் பாத்தீங்க போ. புரட்டாசி மாசத்துல எங்கிட்டயே ஒருத்தரும் மீன் வாங்க மாட்டேங்கிறாங்க. நீ புடிச்சி யாருக்கு விக்கப் போற?"

அன்று முதல் மதிவதனி பள்ளியிலிருந்து திரும்பும்போதெல்லாம் பேபி அக்கா ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"மாட்டிச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"தூண்டில மாத்து."

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஹேமாவதி அக்கா வந்தாள். அவளிடம் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருந்தன.

"காந்த மீன் முழிச்சிடுச்சு மதி. எக்ஸ்ரே அலையில சீற ஆரம்பிச்சிருக்கு. முந்தாநாள் ஒரு செயற்கைக்கோள் பாத்து, உலகத்துல எல்லாருக்கும் சேதி அனுப்பியிருக்கு."

"நம்ம தட்டுல தெரியலயே அக்கா?"

"எக்ஸ்ரேவ நம்ம காத்து மண்டலம் உள்ள விடாது. அதுக்கு மேல போயித்தான் பாக்கணும். வானொலி அலைய மட்டும் கீழ விடும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா, அது பெரிய சீற்றம். எப்பவாவதுதான் வரும். வந்தா கண் இமைக்கிற நேரத்துல நூத்துல ஒரு பங்குதான் இருக்கும். அதுக்குத்தான் மூணு மாடியிலயும் காத்திருக்கோம். ரெண்டு மாடியிலயாவது ஒரே நொடியில பதிஞ்சாத்தான் நம்புவாங்க."

பின்னர் அவள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். திரை முழுவதும் செங்குத்தான கோடுகள், தென்னந்துடைப்பத்தை நிறுத்திவைத்தாற்போல.

"கோடு நேரா நின்னா அது நம்ம ஊர்ச் சத்தம். வானத்துலேர்ந்து வர்றது வளைஞ்சு சாஞ்சு வரும். வழியில இருக்குற மின் துகளெல்லாம் தாண்டி வரணும் பாரு. வேகமா அதிர்ற அலை முன்னாடி வந்துடும், மெதுவா அதிர்ற அலை பின்னாடி வரும். உங்க வீட்டுல தினமும் சாயங்காலம் இந்த நேர்க்கோடா வந்து கொட்டுது. பத்து நிமிஷத்துல கணினி நிரம்பிப் போயிடுது. காந்த மீன் தலைக்கு மேல இருக்குற நேரத்துல நம்மகிட்ட எழுத இடமே இல்ல."

மதிவதனிக்கு அடுத்த சொல் விளங்கிவிட்டது. "எடுத்துட்டுப் போறீங்களா?"

"வர ஞாயித்துக்கிழமை வண்டி வரும். திருநின்றவூர்ல ஒரு வீடு கிடைச்சிருக்கு."

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டா?"

ஹேமாவதி அக்கா சற்றுத் தயங்கினாள். "அப்ப இங்கேயே இருக்கும். ஆனா நாங்க ரெண்டு தடவை பகல்ல வந்து தெருத்தெருவா தேடிட்டோம். ஒண்ணும் கிடைக்கல."

அவள் சென்றபின் மதிவதனி நோட்டை விரித்துக்கொண்டு அமர்ந்தாள். அவளுடன் படிக்கும் டில்லிபாபு அருகில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

நோட்டில் இருந்த நேரங்களை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். திங்கள் ஆறரை. செவ்வாய் ஆறரை. புதன் ஆறரை. வியாழன், வெள்ளி, ஞாயிறு, எல்லாம் ஆறரை. சனிக்கிழமைகளில் மட்டும் ஆறு மணிக்கே தொடங்கியிருந்தது.

"டில்லி, விண்மீன் எல்லாம் தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடும்னு அக்கா சொன்னாங்க. இது மாறவே இல்ல. ஆறரைன்னா ஆறரை."

"சரி."

"சனிக்கிழமை மட்டும் மாறுது. விண்மீனுக்குச் சனிக்கிழமை தெரியுமா?"

"எனக்கு நல்லா தெரியும். ஸ்கூல் லீவு."

"அதான். இது சனிக்கிழமை தெரிஞ்ச ஏதோ ஒண்ணு. பக்கத்துலயே இருக்கு. அக்கா பகல்ல தேடினாங்க, அதான் கிடைக்கல."

சட்டைப்பையில் அடங்கும் அப்பாவின் பழைய ரேடியோ ஒன்று அலமாரியில் கிடந்தது. மறுநாள் மாலை மதிவதனி அதை எடுத்து, எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தினாள். 'உஸ்' என்ற மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்டது. ஆறரை மணி ஆனதும் அந்த இரைச்சலின் நடுவே 'கரகர' என்று ஓர் ஒலி எழுந்தது.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். இடப்புறம் நடந்தால் கரகரப்புக் குறைந்தது; வலப்புறம் நடந்தால் மிகுந்தது. ஆகவே வலப்புறமே நடந்தார்கள்.

தேநீர்க் கடையில் நின்றிருந்த ஒருவர் கேட்டார்: "இன்னா பாப்பா, ஸ்கோர் இன்னா?"

"மேட்ச் இல்ல அண்ணாத்தே," என்றான் டில்லிபாபு. "மீன் புடிக்கிறோம்."

"ரேடியோ வெச்சா?"

"தூண்டில மாத்திட்டோம்."

மாவு மில்லைக் கடந்தார்கள். தையற்கடையைக் கடந்தார்கள். தெருமுனையில் பெருமாள் கோயில் வாயிலை அடைந்தபோது ரேடியோ அலறியது. மதிவதனி அதன் குரலைத் தணித்தாள். அப்போதுதான் அவளுக்கு மற்றோர் ஒலி கேட்டது. டண டண, டும் டும்.

அந்த ஒலி அவள் பிறந்த நாள் தொட்டு அறிந்ததுபோல் பழகியது. நாள்தோறும் கேட்கும் ஒலியைச் செவி தனியே கேட்பதில்லை.

மண்டபத்து மூலையில் மேளப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி, ஒரு மேளம், ஒரு ஜோடி ஜால்ரா, அனைத்தையும் ஒரே மோட்டார் இயக்கியது. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் போதும். நான்கும் சேர்ந்து முழங்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பூசை ஆறு மணிக்கே தொடங்கி ஏழு மணிவரை நடக்கும். மோட்டாரின் பக்கவாட்டுத் துளைகளில் நீலப் பொறிகள் பறந்துகொண்டிருந்தன.

"பொறி!" என்றான் டில்லிபாபு. "இதான் திருடன். பிளக்கைப் புடுங்கிடட்டா?"

"வேணாம்."

"யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தினம் புடுங்கிடலாம்."

மதிவதனி பெட்டியின் மேல் மஞ்சள் வண்ணத்தில் எழுதியிருந்ததைக் காட்டினாள். 'உபயம்: தாயார் வேம்புலியம்மாள் நினைவாக மகன் தங்கவேல்.'

எல்லோரும் சன்னிதியை நோக்கிக் கைகூப்பி நின்றபோது, ஒருவர் மட்டும் பெட்டியின் அருகில் கண்களை மூடி நின்றார். அவர்தான் தங்கவேல். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மேளம் ஓய்ந்த பிறகுதான் அவர் கண் திறந்தார்.

"பிளக்கைப் புடுங்கினா அவருக்கு எப்படி இருக்கும்?" என்றாள் மதிவதனி.

டில்லிபாபு பிளக்கைவிட்டு நகர்ந்தான். பொரியில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் தங்கவேலின் கடைக்குச் சென்றார்கள். கடை முழுவதும் செம்புக் கம்பிச் சுருள்கள் தொங்கின.

"மாமா, ஒரு சந்தேகம். இந்த ரேடியோ சில மோட்டார் கிட்ட போனா கத்துது. சிலது கிட்ட கத்தல. ஏன்?"

"குடு, பாக்கலாம்." தங்கவேல் மேசை மின்விசிறியை ஓடவிட்டு ரேடியோவை அருகில் வைத்தார். உஸ் என்றது. பழுதுபார்க்க வந்திருந்த ஒரு மிக்ஸியை ஓடவிட்டார். கரகரவென்று அலறியது.

"தெர்தா? ஃபேனுல கார்பன் பிரஷ் இல்ல. மிக்ஸில கீது. பிரஷ் தேஞ்சிச்சுன்னா உள்ள பொறி அடிக்கும். அந்தப் பொறிதான் உன் ரேடியோவுல வந்து கத்துது."

அவர் பிரஷ் என்ற அந்தப் பழைய கரித்துண்டுகள் இரண்டைக் கழற்றிவிட்டுப் புதியன பொருத்தினார். ரேடியோவின் அலறல் முணுமுணுப்பாகக் குறைந்தது. மீதி இரைச்சலை விழுங்கும் சிறு கண்டென்சர் ஒன்றைக் கம்பிகளின் குறுக்கே வைத்தார். முணுமுணுப்பும் அடங்கியது.

"எப்படி?" என்று புருவத்தை உயர்த்தினார்.

மதிவதனி ரேடியோவை நிறுத்தினாள். "மாமா, இந்த மிக்ஸிய விட ஜாஸ்தியா கத்துற மோட்டார் ஒண்ணு நம்ம தெருவுல இருக்கு."

"எவன் ஊட்ல?"

"வீட்டுல இல்ல. கோயில்ல."

தங்கவேலின் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது. டில்லிபாபு மெல்லக் கடைவாசலை நோக்கி நகர்ந்தான்.

"எங்கம்மா பொட்டியா?"

"ஆமா மாமா."

"அது கத்துனா உனுக்கு இன்னா? கோயில் மேளம் கத்தாம இருக்குமா?"

மதிவதனி மொட்டைமாடித் தட்டுகளைப் பற்றியும், காந்த மீனைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை வரவிருக்கும் வண்டியைப் பற்றியும் சொன்னாள். தங்கவேல் முகம் இறுகியிருந்தது.

"அதனால பொட்டிய நிறுத்தணும். அதானே சொல்ல வந்த?"

"இல்ல மாமா. நிறுத்தினா பாட்டி பேரு சும்மா நிக்கும். மேளம் அடிக்கட்டும். பொறி மட்டும் வேணாம்."

அவர் மிக்ஸியை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"ரெண்டு வருசமா தெனம் அதும் பக்கத்துல நின்னுகினு கீறேன்," என்றார். "கண்ண மூடிக்கினு நிப்பேன். அதான் பொறி தெரியல." பிறகு திருப்புளியைச் சட்டைப்பையில் செருகினார். "மோட்டார்க்காரன் குடுத்த மோட்டாரு பொறி அடிக்குதுன்னா எனுக்குத்தான் அசிங்கம். வா, போலாம்."

கோயிலில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். பிரஷ் இரண்டும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

அர்ச்சகர் உலகநாதன் கவலையோடு எட்டிப் பார்த்தார். "எப்ப சரி பண்ணித் தருவே?"

"இந்த சைஸு பிரஷ்ஷு இங்க கெடைக்காது சாமி. சொல்லி வெச்சா திங்கக்கிழமை வந்துரும்."

"திங்களா? நடுவுல புரட்டாசிச் சனிக்கிழமை வருதே. அவ்வளவு கூட்டம் வரும். மேளம் இல்லாம தீபாராதனையா?"

தங்கவேல் தலையைச் சொறிந்தார். "அப்ப திங்கக்கிழமையே கழட்டிக்கலாமா, பாப்பா?"

திங்கட்கிழமை என்றால் வண்டி வந்து போயிருக்கும். மதிவதனி பெட்டிக்குள் பார்த்தாள். மணியும் மேளமும் ஜால்ராவும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு மோட்டாரில் மட்டுந்தான்.

"சாமி, நாங்க கையால அடிக்கிறோம். நாளையிலேர்ந்து தினமும் வரோம். சனிக்கிழமையும்."

"மிஷின் லீவு கேக்காது. நீங்க கேப்பீங்க."

"கேக்க மாட்டோம்."

புதன்கிழமை மதிவதனி மணிக்கயிற்றைப் பிடித்தாள். டில்லிபாபு மேளத்தின் முன் அமர்ந்தான். தங்கவேல் ஜால்ராவை எடுத்துக்கொண்டார். தீபம் எழுந்ததும் டில்லிபாபு முழங்கத் தொடங்கினான். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி, ஒரு நிறுத்தம்.

பூசை முடிந்ததும் அர்ச்சகர் வந்தார். "டேய், அது கிரிக்கெட் மேட்ச்ல அடிக்கிறது. பெருமாள் என்ன பேட்டிங்கா பண்றார்?"

"எனுக்கு அதான் சாமி வரும்."

"மணியைப் பாத்து அடி. மணி ஒண்ணு, மேளம் ரெண்டு."

வெள்ளிக்கிழமைக்குள் அது ஒருவாறு கைவந்தது. மூன்று நாளும் கணினியில் துடைப்பக் கோடுகள் இல்லை. ஹேமாவதி அக்கா தொலைபேசியில், "நம்பவே முடியல, உங்க மாடிதான் இப்ப மூணுலயும் சுத்தம்," என்றாள். "ஆனா இன்னும் ரெண்டு நாள் பாக்கணும். சனிக்கிழமைதான் உங்களுக்கு மோசமான நாள்."

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் மீண்டும் அழைத்தாள். குரல் வேகமாக இருந்தது.

"மதி, காலையிலேர்ந்து எக்ஸ்ரேல விட்டு விட்டுச் சீறுதாம். இன்னைக்கு ஏதாவது நடக்கலாம். நாங்க எல்லாரும் கணினி முன்னாடி உக்காரப் போறோம். நீயும் மாடியில திரை முன்னாடி இரு. வந்தா, வர்ற அந்த நொடியிலயே பாக்கலாம்."

மதிவதனி நோட்டைக் கையில் எடுத்தாள். இரண்டு மாதம் அவள் காத்திருந்தது அந்த நொடிக்காகத்தான். மாடிப்படியில் இரண்டு படி ஏறியும் விட்டாள். தெருமுனையில் கூட்டம் சேரும் ஓசை கேட்டது.

அவள் நின்றாள்.

"அக்கா, நான் கோயிலுக்குப் போகணும்."

"இன்னைக்கு ஒரு நாள் வேற யாராவது மணி அடிக்க மாட்டாங்களா?"

"நான் வரேன்னு சொல்லியிருக்கேன். கணினி தானே எழுதிக்கும் அக்கா. மணி தானே அடிக்காது."

மறுமுனையில் ஹேமாவதி அக்கா சிரித்தாள். "சரி, போ. நாங்க பாத்துக்கிறோம்."

அன்று கோயில் கொள்ளாத கூட்டம். அர்ச்சகர் அடுக்குத் தீபத்தை ஏந்தினார். மதிவதனி கயிற்றை இழுத்தாள். மணி ஒன்று, மேளம் இரண்டு. டில்லிபாபு ஓரிடத்தில் மட்டும் மேட்சுக்குத் தாவினான். தங்கவேல் ஜால்ராவால் அவனைத் திருத்திக் கொண்டுவந்தார். அவருடைய கண்கள் அன்று திறந்தே இருந்தன. முடிவில் மதிவதனியின் உள்ளங்கை சிவந்துவிட்டது. அர்ச்சகர் கொடுத்த புளியோதரையை அவள் இடக்கையால் வாங்கப் போய், பிறகு நினைவு வந்து வலக்கையை நீட்டினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா தொலைபேசியை நீட்டினாள். "ஹேமாவதி நாலு தடவை கூப்பிட்டுட்டா."

"மதி, வந்துடுச்சு!" என்றாள் ஹேமாவதி அக்கா. "ஆறு நாப்பத்தொண்ணுக்கு. செயற்கைக்கோளும் அதே நேரத்துல எக்ஸ்ரேல பாத்திருக்கு. சென்னீர்குப்பத்துல அப்ப கரண்ட் இல்ல. கோவில்பதாகையில பதிஞ்சிருக்கு, உங்க வீட்டுல பதிஞ்சிருக்கு. உங்க மாடி இல்லன்னா ஒரு மாடிதான் இருந்திருக்கும். யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. போய்ப் பாரு."

மதிவதனி மாடிப்படி அறைக்கு ஓடினாள். திரை வெறுமையாக இருந்தது. அதன் நடுவே ஒரே ஒரு கோடு. மேலே செங்குத்தாகத் தொடங்கி, கீழே வரவர வளைந்து சாய்ந்திருந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் பயணம் செய்து, அவள் மணியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து இறங்கிய கோடு.

அவள் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள். 'அருகில் இருந்த ஓசைகள்' என்ற கட்டத்தில் இப்படி எழுதினாள்: 'கையால் அடித்த மணி, மேளம், ஜால்ரா. பொறி இல்லை.'

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. தட்டுகளை எடுத்துச்செல்ல அல்ல. இன்னும் பெரிய கணினி ஒன்றை இறக்கிவைக்க.

திங்கட்கிழமை பிரஷ் வந்தது. தங்கவேல் அதைப் பொருத்தி, கண்டென்சரும் வைத்து, சுவிட்சைப் போட்டார். மேளப்பெட்டி முழங்கியது. அருகில் பிடித்த ரேடியோவில் உஸ் என்ற இரைச்சல் மட்டுமே. பூசை முடிந்ததும் அவர் வண்ணக்குப்பியும் தூரிகையுமாக மதிவதனி வீட்டு மாடிக்கு வந்தார்.

"இதுலயும் உபயம் எழுதணும் பாப்பா."

"உள்பக்கம் வேணாம் மாமா. அலை வரணும்."

"தெரியும், தெரியும்." அவர் தட்டின் வெளிப்புறத்தில், யாரும் குனிந்தால் மட்டுமே படிக்கக்கூடிய இடத்தில் எழுதினார்: 'உபயம்: வேம்புலியம்மாள். கார்பன் பிரஷ் 2.'

அவரை வழியனுப்ப இறங்கியபோது சுற்றுச்சுவருக்கு அப்பால் பேபி அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, மாட்டிச்சா?"

"மாட்டிடுச்சுக்கா."

பேபி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். இவ்விடையை அவள் எதிர்பார்க்கவில்லை. "மெய்யாலுமா? எப்படி இருந்திச்சு?"

"உங்க அருவாமனை மாதிரியே வளைஞ்சு இருந்துச்சு."

"எவ்ளோ எடை?"

மதிவதனி சற்று எண்ணிப் பார்த்தாள். "ஒரு ஸ்பூன் எடுத்தாலே நூறு கோடி டன்னுக்கு மேல இருக்குமாம்க்கா."

பேபி அக்கா மொட்டைமாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வெட்டக் கொண்டாந்துடாதம்மா. இருக்கறது ஒரே அருவாமனை."